சின்னச் சட்டை கொண்டுவந்த ஜாம்பி

தம்பி, நீ நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சுபுஹு தொழுதுவிட்டு வந்து, உங்கம்மா போட்டுத் தந்த டீயையும் குடித்துவிட்டு, கூடத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் அப்பனுக்கும் மகனுக்கும் பேச வராது தம்பி. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேங்க அத்தா." "ஒடம்பு எப்படி இருக்கு?" "நல்லா இருக்குங்க அத்தா." "சரி, அம்மாகிட்ட பேசு." நான் ரியாத்தில் இருந்த காலத்திலிருந்து இந்த ஐந்து வரிதான். ஊரோடு வந்து பதினோரு வருடமாகியும் ஆறாவது வரி கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் ஊர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முதலில் நீ படி. உனக்குச் சம்மதமென்றால் இதையே கொடுத்துவிடுகிறேன். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுக்கு ஆள் போய்ப் பெட்டி கட்டாத வீடு எது? படிக்கிறவர்களுக்கும் ஏதாவது தோன்றலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது, கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். குடும்ப விசா உடனே இல்லை, இரண்டு வருடம் போகட்டும் பார்க்கலாம் என்கிறார்கள், அதுவரை மருமகளும் பேரன் ரய்யானும் எங்களோடு இங்கேயே இருக்கட்டும் என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமாப் போய்ட்டு வா தம்பி, நாங்க இருக்கோம்ல" என்றேன். உன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இப்போது மருமகள் பிள்ளையோடு வந்து, இங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நீ சென்னையில் சாமான்களை ஒழித்துக்கொண்டிருக்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாய். தம்பி, நான் சொன்ன அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அப்படிச் செய்ய வைத்தது யார் தெரியுமா? ஜாம்பி. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உன் அக்கா மகள் நஸ்ரின் முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருக்கிறாள். பதிமூன்று வயது முடிந்துவிட்டது. வந்ததிலிருந்து கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அட்டையில் கண் வெளுத்து, கன்னம் கிழிந்து ஒருத்தி நிற்கிறாள். சாப்பிடும்போதும் அந்த முகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். உன் அக்கா போன் செய்து, "அத்தா, அந்தப் பேய் புக்கைப் புடுங்கி வைங்க, ராப்பகலா அதுதான்" என்று உத்தரவு போட்டாள். நானும் விறைப்பாகத்தான் போனேன். போய்க் கையை நீட்டினேன். நஸ்ரின் புத்தகத்தை மூடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில், உன்மேல் கையை நீட்டினேன் இல்லையா? நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, பொணம் எழுந்து நடக்குது. கடிக்குது. கடிபட்டவனும் பொணமாகி நடக்குறான். எல்லாப் புத்தகத்துலயும் இதேதானே? இதுல என்னம்மா இருக்கு?" என்றேன்.

"மொத நாளே ஸ்கூல் லீவு விட்டுடுவாங்க நன்னா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "டியூஷன் கிடையாது. மார்க் என்னன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. இப்ப என்ன செய்யணும்னு பெரியவங்களுக்கே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்றவங்களும் தப்பாத்தான் சொல்வாங்க. அப்ப என் வயசுப் பொண்ணு ஒருத்தி, இந்த வழியாப் போகலாம்னு சொல்வா. எல்லாரும் கேட்பாங்க. கேட்காதவங்க அடுத்த பக்கத்துல செத்துடுவாங்க."

"ஏன், இந்த வீட்ல நீ சொல்றதை யாரு கேட்கல?"

"நேத்து கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னேன். நன்னி கேட்டாங்களா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்று அடுப்படியிலிருந்து உங்கம்மா குரல் கொடுத்தாள்.

நான் விடவில்லை. பயப்படத்தான் ஆசையென்றால் நம்மிடம் ஜின் கதை எத்தனை கிடக்கிறது, ஒன்று சொல்லட்டுமா என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஜின் வேற நன்னா. ஜின்னு யாரோ. ஜாம்பி நம்ம வீட்டு ஆளு. மொகம் அதேதான், சட்டை அதேதான். ஆனா நம்ம பேரு தெரியாது. கதவுக்கு வெளியில அம்மா நிக்கிறாங்கன்னு வைங்க. தட்டுறாங்க. தொறக்கணுமா, வேணாமா? அதுக்குத்தான் படிக்கிறது. கடிக்கிறதெல்லாம் சும்மா." சொல்லிவிட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாகூடச் சில நேரம் அப்படித்தான் பார்க்குறாங்க. மார்க் ஷீட்டை நீட்டுறப்ப, யாரோ மாதிரி. நானே கண்ணாடியில பார்த்தா சில நாளைக்கு யாரோ மாதிரிதான் இருக்கேன்."

தம்பி, இந்த அறுபத்திரண்டு வயதுவரை இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. உன் பதிமூன்றாம் வயதில் ஒரு வெள்ளிக்கிழமை ரியாத்திலிருந்து போன் செய்தேன். எடுத்தது ஒரு கரகரத்த ஆண்குரல். நம் வீட்டில் யாரடா அந்நிய ஆள் என்று திடுக்கிட்டு, "யாருங்க பேசுறது?" என்று அதட்டலாகவே கேட்டேன். "நான்தாங்க அத்தா" என்றாய். உனக்குக் குரல் உடைந்திருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, யார்தான் இதைப் போனில் சொல்வார்கள்? அறையில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். என் பையனை எனக்கே தெரியவில்லை என்று பெருமையாகக்கூடச் சொன்னேன். அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நஸ்ரின் பேசிய அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, நடந்ததை உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். நீலக் கோடு போட்ட, நூறு பக்க நோட்டு. அட்டையில் உன் பெயர், ஒன்பதாம் வகுப்பு, பிரிவு. "நீங்க பழைய பேப்பர்காரர்கிட்ட தூக்கிப் போட்டீங்க. நான் தெருமுனை வரைக்கும் பின்னாலயே ஓடிப் போய் இதை மட்டும் வாங்கிட்டு வந்தேன். இப்பவாச்சும் முழுசாப் படிங்க" என்றாள். பதினாறு வருடம் ஒரு சொல் சொல்லாமல் வைத்திருக்கிறாள் பார். இந்த வீட்டில் பொறுமையெல்லாம் அவள் பங்கு, கோபமெல்லாம் என் பங்கு.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதை உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் உன்னை அடித்தது சரியென்று ஆகிவிடாது. இருந்தாலும் கேள். ரியாத்தில் எங்கள் அறையில் எட்டுப் பேர். பெட்டி கட்டுவது என்றால் புறப்படும் வாரத்து வேலை என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படியில்லை. ஊரிலிருந்து போய் இறங்கிய மறு மாதமே ஒவ்வொருவன் கட்டிலுக்கு அடியிலும் ஒரு காலி அட்டைப்பெட்டி வந்துவிடும். கடையில் கண்ணுக்குப் பட்டதை, விலை இறங்கும்போது வாங்கி வாங்கி அதில் போட்டு வைப்போம். சோப்பு, தைலம், சென்ட், போர்வை, பிள்ளைகளுக்குத் துணிமணி. இரண்டு வருடம் அந்தப் பெட்டியின் மேல்தான் படுத்துத் தூங்குவோம். கிடங்கில் சாமான் அடுக்குவதுதான் எனக்கு வேலையாதலால் என் பெட்டி அறையிலேயே அழகான பெட்டி. எனக்கு நேர் எதிர்க் கட்டிலில் முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். ஊருக்குக் கிளம்ப ஐந்து வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்கு எழுப்பினோம், எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்தோம். அவர் பெட்டி மட்டும் பாதி நிரம்பி, திறந்தபடி கிடந்தது. அதைக் கட்டியவன் நான். உள்ளே ஒரு குட்டிக் கவுன் இருந்தது. அதை நாலாக மடித்து மேலே வைத்து, கயிறு கட்டி, மார்க்கரால் அவர் பெயரும் ஊரும் எழுதி, இன்னொருவர் மூலமாக அனுப்பிவைத்தேன். பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தது, ஆள் போகவில்லை.

அது நடந்து மூன்று மாதத்தில் எனக்கு லீவு. வந்தேன். வந்த பத்தாம் நாள், உறவுக்காரர் ஒருவர் பள்ளிவாசல் வாசலில் வைத்து, "உங்க மவன் மையத்து எந்திரிச்சு நடக்குற கதையாவே படிக்கிறானாமே, கவனிக்கக் கூடாதா?" என்றார். வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்தேன். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ஆங்கிலக் கதைகள் நாலைந்து, அவற்றுக்கு நடுவில் இந்த நோட்டு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், 'செத்தவர்கள் பெட்டியோடு வருகிறார்கள்' என்று தலைப்பு. அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை தம்பி. என் கண்ணுக்கு அந்தக் குட்டிக் கவுன்தான் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிள்ளைகள்மேல் நான் கைநீட்டியது அது ஒரு தடவைதான். நீ அழவில்லை. கையை ஓங்கிய என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாசலில் பழைய பேப்பர்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் அவர் சைக்கிளில் போட்டேன். "இனிமே இந்த மாதிரி படிக்கக் கூடாது, புரியுதா?" "சரிங்க அத்தா" என்றாய். அன்றிலிருந்து இன்றுவரை நான் எது சொன்னாலும் "சரிங்க அத்தா"தான். ஊரெல்லாம் என் பையன் பணிவான பையன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நோட்டை முழுசாகப் படித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். முதலில் உன் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோழி கிளறியதுபோல இருக்கிறது. கதை அப்படியில்லை. திருச்சியில் விமானம் வந்து இறங்குகிறது. வேன்களின் தலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆட்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். எல்லாரும் செத்துப்போனவர்கள். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சென்ட் வாசனையில் வேறு வாடை எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பிரியாணி ஆக்குகிறார்கள், சோப்பு பங்கு வைக்கிறார்கள், தைலம் கொடுக்கிறார்கள். உன் கதைப் பையன் ஒருவன்தான் கண்டுபிடிக்கிறான். எப்படி? வந்தவர்களுக்கு இரண்டு வாக்கியம்தான் தெரிகிறது. ஒன்று "வளந்துட்டியே". இன்னொன்று "நல்லா படிக்கிறியா". பதில் சொன்னால் காதில் விழுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் "நல்லா படிக்கிறியா" என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். நஸ்ரின் ஓடிவந்து, என்ன நன்னா என்று கேட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அப்புறம் வெண்ணாற்றங்கரைக்குக் கதை போகிறது. பையன் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் திரட்டி வயலுக்குக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். வந்தவர்கள் துரத்துகிறார்கள். காலில் ஷூ. வரப்பில் நடக்கத் தெரியாமல் வழுக்கி, உழுது சேறடித்த வயலில் முழங்கால்வரை இறங்கி, காலை எடுக்கத் தெரியாமல் அங்கேயே சுற்றுகிறார்கள். நடவு நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "நட்ட பயிரை மிதிக்காதீங்கய்யா" என்று ஏசிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். அந்த இடம் அபாரம் தம்பி. எந்த இங்கிலீஷ்காரனுக்கும் அது வராது. அந்த வருடம் லீவில் வந்த மறுநாளே, நம் வயலைப் பார்க்கிறேன் பேர்வழி என்று புது ஷூவோடு போய்ச் சேற்றில் விழுந்தது யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது. நீ கைகொடுத்துத் தூக்கினாய்.

கடைசி ஆறு பக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் சேற்றில் மாட்டிக்கொள்ள, ஒருவர் மட்டும் வயலுக்கே வரவில்லை. நேராகப் பையனுடைய வீட்டுக்குப் போயிருக்கிறார். பையன் மண்வெட்டியோடு வீட்டுக்குள் நுழைகிறான். அவர் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பெட்டிக் கயிற்றை அவிழ்க்கிறார். உள்ளேயிருந்து ஒரு நீலச் சட்டையை எடுக்கிறார். பையில் நங்கூரப் படம் போட்ட சின்னச் சட்டை. எழுந்து, அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். கதவு மறைவில் பார்க்கிறார். பையனைத் தாண்டித் தாண்டிப் போகிறார், நின்று பார்க்கவில்லை. "எம்மவன் எங்கே? இது அவனுக்கு வாங்குனது" என்கிறார். நானேதான் அவர். அந்த நங்கூரச் சட்டையை வாங்கிய கடையும் எனக்குத் தெரியும், பஸ்ஸுக்குக் காசில்லாமல் அன்றைக்கு அறைக்கு நடந்தே திரும்பியதும் தெரியும்.

உனக்கும் அக்காவுக்கும் நான் எப்படித் துணி வாங்குவேன் என்று உனக்குத் தெரியும். புறப்படும் அன்று காலையில் உங்களைக் கதவோரம் நிறுத்தி, தலையிலிருந்து குதிகால்வரை ஒரு வெள்ளை நூல், தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நூல் என்று அளந்து, முடிச்சுப் போட்டு பர்ஸில் வைத்துக்கொள்வேன். அங்கே கடையில் நூலை வைத்துப் பார்த்து, வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு விரல்கடை கூட்டி வாங்குவேன். இரண்டு வருடத்துக்கு இரண்டு விரல்கடை! எவ்வளவு பெரிய கணக்குப் புலி பார் உன் அத்தா. கிடங்கில் எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மூட்டை வளராது. பெட்டிக்குள் நீயும் வளரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், அந்தச் சட்டைக்கு உரிய பையன் வீட்டில் இருக்கமாட்டான்.

கதைக்கு வருகிறேன். ஜாம்பியைத் தலையில் அடித்தால்தான் சாகும், அதுதான் சட்டம், நஸ்ரினும் சொன்னாள். பையன் கையில் மண்வெட்டி இருக்கிறது. அவர் முதுகு காட்டிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் தேடுகிறார். பையன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைக்கிறான். அவர் கையிலிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். பித்தான் எட்டவில்லை. அக்குளில் தையல் விட்டுப்போகிறது. 'இதோ இருக்கேங்க அத்தா. கரெக்டா இருக்கு.' அதுதான் கடைசி வரி. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைப் பக்கம். நான் நோட்டைப் பிடுங்கியது அந்த இடத்தில்தான் போலிருக்கிறது.

நான் எழுந்துபோய் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதான பெருநாள் அன்று, தொழுகைக்குக் கிளம்பும்போது வாசலில் எடுத்த படம். நான் புதுக் கண்ணாடியும் வாட்ச்சுமாகச் சிரிக்கிறேன். பக்கத்தில் நீ, நங்கூரச் சட்டையில். சட்டைக் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாய். அன்றைக்கு "அளவு சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "கரெக்டா இருக்குங்க அத்தா" என்றாய். நானும் நம்பினேன். எத்தனை வருடமாக அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன், உன் கையை ஒரு தடவையாவது பார்த்தேனா? உங்கம்மா பக்கத்தில் வந்து நின்று, "பெருநாள் பூரா அக்குள்ல தையல் விட்டுப்போய்க் கையைத் தூக்காமலே சுத்துச்சு புள்ள. அத்தாகிட்ட சொல்லாதீங்கம்மான்னு சொன்னுச்சு" என்றாள். நான் அழுதேன் தம்பி. எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த அடிக்காக என்னை மன்னித்துவிடு. கதையைப் படிக்காமல் அடித்ததற்கு இன்னொரு தடவை மன்னித்துவிடு. நீ எங்களை அவமதிக்க எழுதவில்லை. வந்திருக்கும் ஆள் நம் ஆள்தானா, கதவைத் திறக்கலாமா என்று பதினாலு வயதில் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாய், திறக்கலாம் என்று முடிவும் செய்திருக்கிறாய். அந்த ஜெராக்ஸ் கதைகளெல்லாம் உனக்கு அதற்குத்தான் கைகொடுத்திருக்கின்றன. நேரில் என்னிடம் கேட்க முடியாததை அந்தப் பிணங்களை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறாய். நாளைக்கு ரய்யானும் ஒரு வயதில் கண் வெளுத்த அட்டைப்படத்தோடு சாப்பிட உட்காருவான். அப்போது புத்தகத்தைப் பிடுங்காதே. உன் கதையில் கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று கேள். என்னைப்போல பதினாறு வருடம் கழித்துக் கேட்காதே.

இப்போது அந்தப் "போய்ட்டு வா"வுக்கு வருகிறேன். அரபு நாட்டை நான் பழிக்கவில்லை. நமக்குச் சோறு போட்ட இடம். இந்த வீட்டின் செங்கல் அங்கிருந்துதான் வந்தது, உன் படிப்பும் அங்கிருந்துதான் வந்தது. போகாமல் இருந்திருக்கலாமே என்று சொல்லும் நிலைமையில் அன்றைக்கு நான் இல்லை. நீ அப்படியில்லை. உனக்குச் சென்னையில் வேலை இருக்கிறது, வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் படிப்பும் இருக்கிறது. ஆனாலும் நான் யோசிக்காமல் சம்மதித்ததற்கு வேறு காரணம் உண்டு. ரய்யான் இங்கே இருப்பான் என்பதுதான் அது. ஒரு பிள்ளை தினந்தினம் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் இரண்டு பேரையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சேர்த்து வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை உன் பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். உனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆகவே கேட்டுக்கொள். குடும்பத்தோடு வரலாம் என்று எழுத்தில் தரும்வரை கையெழுத்துப் போடாதே. 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம் என்று இருந்தவன் சொல்கிறேன். தராவிட்டால் அந்த வேலை வேண்டாம். தந்தால் மூன்று பேரும் சேர்ந்து போங்கள், நானே திருச்சிக்கு வந்து ஏற்றிவிடுகிறேன். வீடு வெறிச்சென்று ஆகும், உங்கம்மா இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு மட்டும் தயவுசெய்து "சரிங்க அத்தா" என்று சொல்லாதே. மாட்டேன் என்று தோன்றினால் மாட்டேன் என்று சொல், என்னோடு சண்டை போடு. போனில் நமக்கு அந்த ஆறாவது வரி கிடைக்கட்டும்.

இன்னும் ஒன்று. பெருநாள் முடிந்து கிளம்பிய அன்று, ரய்யானைக் கதவோரம் நிறுத்தி நூலால் அளந்தாய். "அத்தா எடுப்பாங்கள்ல, அது மாதிரி" என்று உங்கம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். முடிச்சுப் போட்ட நூலை அலமாரிமேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். முந்தாநாள் போன் செய்து உங்கம்மாவிடம், "அந்த நூலைப் பத்திரமா எடுத்து வைங்கம்மா, போறப்ப வாங்கிக்கிறேன்" என்றாய். எடுத்து வைத்திருக்கிறேன். இன்று காலை இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும் முன்னால் ரய்யான் தூக்கக் கலக்கத்தோடு வந்து என் மடியில் ஏறினான். அவனை அதே கதவோரம் நிறுத்தி, நூலைத் தலையில் வைத்துக் கீழே விட்டேன். குதிகாலை எட்டவில்லை. அவசரத்தில் கோணலாகப் பிடித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். ஒரு நெல்லளவு குறைகிறது தம்பி. நீ அளந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் பெட்டிகூடக் கட்டவில்லை.

நூலை உனக்குத் தரமாட்டேன். பிள்ளைக்குச் சட்டை எடுப்பதென்றால், அவன் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், போட்டுப் பார்த்து எடு.

அத்தா